நம்பும்படியான மறுப்பு

ஒரு ரகசிய நடவடிக்கை அம்பலமானாலும், தலைமைக்கு அதில் சம்பந்தமில்லை என்று கேட்பவர் நம்பும்படி சொல்ல முன்கூட்டியே வழி செய்து வைப்பது, நம்பும்படியான மறுப்பு எனப்படுகிறது. மாட்டிக்கொண்ட பிறகு தேடும் சாக்கு வேறு. இங்கே திட்டம் தீட்டும்போதே மறுப்பும் தயாராகிவிடுகிறது. 1948 ஜூனில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு மன்றம் வெளியிட்ட 10/2 எண் ஆணை, ரகசிய நடவடிக்கையின் வரையறைக்குள்ளேயே இதைச் சேர்த்தது. ‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்’ என்ற நம் பழமொழி அரசாங்கக் கோப்பில் ஏறியது போலத்தான்.

பொருத்தம் பெரும்பாலும் சில்லறை விவரங்களில்தான் குலையும். 1961 ஏப்ரல் 15 அன்று, கியூப விமானப்படையின் அடையாளம் தீட்டிய பி-26 விமானங்கள் கியூப விமானத் தளங்களில் குண்டு வீசின. உண்மையில் அவை அமெரிக்கா ரகசியமாக ஏற்பாடு செய்தவை. அதே நாளில் அத்தகைய விமானம் ஒன்று மயாமியில் இறங்கியது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவின் படையிலிருந்து தப்பி வந்ததாக விமானி சொன்னார். சண்டையில் அடிபட்டதாகக் காட்ட, புறப்படும் முன்பே விமானத்தைச் சுட்டு ஓட்டை போட்டிருந்தார்கள். இவ்வளவு செய்தவர்கள் மூக்கை மறந்துவிட்டார்கள்: கியூபாவின் பி-26க்குக் கண்ணாடி போன்ற மூக்கு, இதற்கோ துப்பாக்கிகள் பொருத்திய உலோக மூக்கு. செய்தியாளர்கள் அதைக் கவனித்துவிட்டனர். பரிதாபத்துக்குரியவர் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன்தான். இது நாடகம் என்று அவரிடமே யாரும் சொல்லவில்லை. விமானத்தின் படத்தைச் சபையில் காட்டி வாதாடினார். ஏப்ரல் 17இல் அமெரிக்க ஆதரவுடன் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கிய படையும் மூன்றே நாளில் தோற்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தை வானிலை ஆய்வு விமானம் என்று அமெரிக்கா சாதித்தது. விமானி கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டிருப்பதைச் சோவியத் தலைவர் குருஷேவ் அறிவித்ததும் அந்தக் கதை நிற்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் மோசமான விளைவு உள்ளுக்குள்தான். வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்ல நடந்த சதிகளை 1975இல் விசாரித்த அமெரிக்க செனட்டின் சர்ச் குழுவால், உத்தரவு எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று அறுதியிட முடியவில்லை. அதிபர் பிற்பாடு மறுக்க வசதியாக, அதிகாரிகள் எதையும் பூடகமாகவே பேசிப் பழகியிருந்தனர்.

அதிபரின் ஒப்புதல் இல்லாமல் ரகசிய நடவடிக்கை கூடாது என 1974இல் ஹியூஸ்–ரயன் சட்டத் திருத்தம் வந்திருந்தும் பழக்கம் போகவில்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணம் நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குப் போனதை அதிபர் ரீகனிடம் தாம் வேண்டுமென்றே சொல்லவில்லை என்றும், அவர் பின்னர் மறுப்பதற்கு இடம் வைப்பதே நோக்கம் என்றும் அவரது முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டர் 1987இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார்.