வாட்ச்மேன் மேகத்துக்குப் போன கதை

"கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதாவது எழுதுங்கள், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கட்டும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சரித்திரம் படித்த நண்பர்களும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் சரித்திரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஊழியர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கம்பெனி தன் தகவல்களுக்கு எப்படிக் காவல் போடுகிறது என்பதுதான் விஷயம். நம்மில் பல பேர் தினமும் காலையில் செல்போனில் வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்டிவிட்டுத்தானே வேலையைத் தொடங்குகிறோம்? அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு கம்ப்யூட்டர் லேப் ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஏ.சி. குளிருக்குள் நுழைய வேண்டும். நுழைந்தாச்சு என்றால் அப்புறம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உள்ளே இருப்பவன் நம்மாள், வெளியே இருப்பவன் அந்நியன். உலகத்துக் கம்பெனிகளும் வெகுகாலம் இந்தக் கணக்கில்தான் ஓடின.

1988 நவம்பர் 2-ஆம் தேதி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய ஒரு புரோகிராம் இன்டர்நெட்டில் மெஷினுக்கு மெஷின் தானாகவே தாவியது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இன்டர்நெட்டில் அது பத்தில் ஒரு பங்கு. அதுவரை தெருக்கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவர்கள் தாழ்ப்பாள் தேட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தி, போகிற வருகிற தகவலைச் சோதிக்கும் 'ஃபயர்வால்' பரவலானது அதன் பிறகுதான். 1994-இல் இஸ்ரேலின் செக்பாயிண்ட் கம்பெனி அதைக் கடைச்சரக்காகவே விற்க வந்தது. நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இப்படியொரு காவலை அமைத்த பில் செஸ்விக், 1990-லேயே அதன் குறையையும் எழுதிவிட்டார். வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே எல்லாம் மெத்தென்று இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நம்ம ஊர் மெதுவடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வெளியூர் போன மேனேஜர் ஆபீஸ் ஃபைலைப் பார்க்க வேண்டுமானால்? அதற்கு ஒரு சுரங்கப்பாதை வெட்டினார்கள். அதுதான் வி.பி.என். மைக்ரோசாப்டும் வேறு சில கம்பெனிகளும் சேர்ந்து 1996 வாக்கில் இதற்கு ஒரு முறையைக் கொண்டுவந்தன. பாதை வழியே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது. அந்த மட்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் சுரங்கத்தின் மறுமுனை கோட்டைக்கு நடுவே போய்த் திறக்கிறது. சாவி வைத்திருப்பவன் மேனேஜரா, மேனேஜரிடமிருந்து திருடியவனா என்று மறுமுனையில் கேட்பதற்கு ஆளில்லை.

2004-இல் பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு அதிகாரிகள் சிலர், பெரும்பாலும் பிரிட்டனில் இருந்தவர்கள், ஒரு அமைப்பு தொடங்கினார்கள். பெயர் 'ஜெரிக்கோ ஃபோரம்'. மதில் இடிந்து விழுந்ததாக பைபிளில் வரும் ஊர் ஜெரிக்கோ. எல்லைச் சுவரை நம்பிய காலம் முடிகிறது, தகவலுக்கும் ஆளுக்கும் நேரடியாகக் காவல் போடுங்கள் என்றார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2010 ஜனவரியில் கூகுள், தன் நெட்வொர்க்குக்குள் சீனாவிலிருந்து ஆள் புகுந்துவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே 2010-இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் 'ஜீரோ டிரஸ்ட்' என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். உள்ளே இருக்கிறான் என்பதற்காக ஒருவனை நம்பாதே, ஒவ்வொரு தடவையும் சோதி என்பது அதன் பொருள். கூகுள் தன் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு இருந்த தனிச் சலுகையையே எடுத்துவிட்டது. அந்த அனுபவத்தை 2014 முதல் கட்டுரைகளாகவும் வெளியிட்டது.

இதற்கிடையில் இன்னொரு மாறுதல். கம்பெனியின் மெயிலும் கணக்கும் கம்பெனிக் கட்டடத்தை விட்டே போய்விட்டன. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 365 வந்தது 2011-இல். மதுரையில் உள்ள ஊழியர் சென்னை ஆபீசுக்குச் சுரங்கம் வழியே வந்து, அங்கிருந்து வெளியேறி, எங்கோ மேகத்தில் இருக்கும் தன் மெயிலைப் பார்ப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பேசாமல் காவலையே மேகத்தில் வைத்துவிட்டால் என்ன? இமாச்சலப் பிரதேசக் கிராமம் ஒன்றில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜெய் சவுத்ரி இந்த எண்ணத்தில் 2007-லேயே அமெரிக்காவில் 'ஜிஸ்கேலர்' கம்பெனியைத் தொடங்கிவிட்டார். ஊருக்கு ஊர் ஒரு சோதனைச் சாவடி. ஊழியர் பக்கத்தில் உள்ள சாவடிக்குப் போகிறார். ஆள் யார், லேப்டாப் கம்பெனியுடையதா, எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அந்த ஒரு அறையை மட்டும் திறந்துவிடுகிறார்கள். இந்த வகை ஏற்பாட்டுக்கு 2019-இல் கார்ட்னர் நிறுவனம் 'சாசி' என்று பெயரும் வைத்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். கால் சென்டர், பி.பி.ஓ. கம்பெனிகள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதானால் பெரிய தொகைக்கு டெபாசிட் கட்ட வேண்டும். டெலிகாம் கம்பெனியே போட்டுத் தரும் தனி இணைப்பும் வேண்டும். யார் செய்வார்கள்? 2020 மார்ச் 13-ஆம் தேதி அந்த நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிப்பு. நடுவில் இருந்தது பதினோரு நாள்! டெஸ்க்டாப்பைக் காரில் ஏற்றி ஊழியர் வீட்டுக்கு அனுப்பிய கம்பெனிகள் உண்டு. நூற்றில் பத்து பேருக்கென்று வாங்கிய வி.பி.என். மீது நூறு பேரும் ஏறினால் என்ன ஆகும்? அந்த வாரங்களில் நெட்வொர்க் பிரிவில் இருந்த நம்ம ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்வார்கள். அந்த வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி பதிவு, டெபாசிட் எல்லாவற்றையும் அரசு நிரந்தரமாகவே நீக்கியது.

அவசரமாகத் திறந்த சுரங்கங்கள் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம், மறந்துபோனவையும் ஆபத்துதான். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் கம்பெனிக்குள் கொள்ளையர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு வி.பி.என். கணக்கு வழியாக. பாஸ்வேர்டு ஒன்றே போதுமாக இருந்தது. போனுக்கு எண் அனுப்புவது போன்ற இரண்டாவது சோதனை அங்கே இல்லை. கிழக்குக் கடற்கரையில் பெட்ரோல் பங்க்குகள் காலியாயின. கம்பெனி கொடுத்த பணயத் தொகை 44 லட்சம் டாலர்.

ஆகவே மேகக் காவலே சர்வரோக நிவாரணியா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரம் கம்பெனிக்கு ஒரே வாட்ச்மேன் என்றால் அவர் மயங்கி விழும் அன்று ஆயிரம் கதவும் அடைபடும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி மேகத்திலிருந்து அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. திருடன் யாரும் வரவில்லை, காவல்காரரே தடுக்கி விழுந்தார். நம் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. சோதனைச் சாவடி ஊழியரோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. எந்த நேரம் வேலையைத் தொடங்கினார், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று அதற்குத் தெரியும். பழைய வாட்ச்மேனுக்கு கேட்டுக்கு அப்பால் நடப்பது தெரியாது. காவலுக்கும் வேவுக்கும் கோடு எங்கே என்று கம்பெனிகள் ஊழியரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் வேலையில் சேரும் அன்று நீட்டும் பத்துப் பக்கக் காகிதத்தில் ஒரு வரியாக அது ஒளிந்திருக்கிறது.

ஊரடங்கு முடிந்து பல கம்பெனிகள் ஊழியரை மறுபடி ஆபீசுக்கே கூப்பிட்டுவிட்டன. ஆனால் மதிலுக்குள் இருப்பவன் நம்மாள் என்ற பழைய சலுகை பல இடங்களில் திரும்பவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே ஆறு எண், அதே சாவடி. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 என்ற ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். 50 சொச்சம் பக்கம்தான், காசும் கேட்க மாட்டார்கள்.