ஆழிக்குமரன் ஆனந்தனார்

பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தாருள் தொண்டைமானாற்று நவரத்தினசாமியார் முன்னோடியாவார். அஃது 1954-ம் ஆண்டில் நிகழ்ந்தது. அவர்வழி வந்தவர் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனார். இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் நலிந்த இவர், 1971-ல் இலங்கைக் கரையினின்று இந்தியக் கரையை அடைந்து, 51 மணி நேரத்தில் மீண்டும் நீந்தித் திரும்பினார். உலகம் வியந்தது. 1984-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புக்கு, அம்முயற்சியிலேயே உயிர் துறந்தார்.

நலிந்த உடலும் விடாமுயற்சியால் கடலை வெல்லும் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். கொடுங்கையூரில் கடலுக்கு அணித்தாக வாழும் நம் சங்கத்தார், கால் நலிந்த மக்களை மனையகத்தே ஒதுக்கி வைத்தல் தகாது. மருத்துவரை உசாவி, தக்க ஆசிரியர் காவலில் அவர்க்கும் நீச்சல் பயிற்றுவித்தல் பெற்றோர் கடனென யாம் கூறுவோம். கடலின் கொடுமையும் அவரது முடிவால் விளங்குதலின், காவலின்றிக் கடலில் இறங்க விடுதல் ஒருபோதும் ஆகாது.