சத்யஜித் ராயின் வரைகலைப் பணி

சத்யஜித் ராய் (2 மே 1921 – 23 ஏப்ரல் 1992) திரைப்பட இயக்குநராக உலகப் புகழ் பெற்ற வங்காளக் கலைஞர். அதற்கு முன், 1943 முதல் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது வரைகலைத் தொழில். விளம்பரம், நூலட்டை, கதைப்படம், எழுத்துரு, சுவரொட்டி என அத்துறையின் பல கிளைகளிலும் உழைத்தவர். இயக்குநரான பின்னும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

பின்னணி

அச்சு மையின் வாசனை ராய்க்குப் பரம்பரைச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி, படங்களை அச்சிட உதவும் ஹாஃப்டோன் பிளாக் தயாரிப்பில் இந்திய முன்னோடி. 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ராய் இங்கிலாந்தில் அச்சுத் தொழில்நுட்பம் பயின்றவர்; தம் வேடிக்கைப் பாடல்களுக்குத் தாமே படம் வரைந்தவர். சத்யஜித்துக்கு இரண்டு வயதிருக்கும்போது, 1923இல், அவர் காலமானார்.

பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்ற ராய், 1940இல் சாந்திநிகேதனில் சேர்ந்து நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் கற்றார். கீழைநாட்டுத் தூரிகைக் கோட்டின் வீச்சும், குறைவாக வரைந்து நிறைவாக உணர்த்தும் பாங்கும் அங்கே அவருக்கு வசமாயின. படிப்பை முடிக்காமலே 1942இல் கல்கத்தா திரும்பினார்.

விளம்பர நிறுவனத்தில்

1943இல் டி. ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தின் கல்கத்தா அலுவலகத்தில், மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார். விளம்பரத்தின் கருத்தைப் படமும் எழுத்துமாக முதன்முதலில் தாளில் அமைத்துக் காட்டுவது விஷுவலைசரின் வேலை. பின்னர் அங்கேயே கலை இயக்குநராக உயர்ந்தார். பொருளை விற்பவர் ஒப்பினால்தான் எந்தப் படமும் அச்சேறும் என்பது அத்தொழிலின் கட்டுப்பாடு. சொல்ல வேண்டியதைச் சிறிய இடத்தில், ஒரு பார்வையில் விளங்கும்படி சொல்லும் பயிற்சியை அந்தக் கட்டுப்பாடே தந்தது.

சிக்னெட் பிரஸ்

அலுவலகத்தில் கிடைக்காத சுதந்திரம் புத்தகத்தில் கிடைத்தது. டி. கே. குப்தா 1943இல் தொடங்கிய சிக்னெட் பிரஸ், அட்டை வடிவமைப்பை ராயின் விருப்பத்துக்கே விட்டது. ஜீவனானந்த தாஸின் ‘வனலதா சென்’, நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ ஆகியவற்றுக்கு அவர் அட்டை வரைந்தார். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலி நூலுடைய வங்கப் பதிப்புக்குப் புலித்தோலையே அட்டையாக்கினார்: குண்டு துளைத்து நுழைந்த ஓட்டை ஒரு பக்கம், வெளியேறிய பெரிய ஓட்டை மறுபக்கம். வாசகர் கையில் எடுத்துத் திருப்பும்போதே வேட்டை நிகழ்ந்துவிடுகிறது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலுடைய சிறுவர் சுருக்கத்துக்கு மரச்செதுக்குப் பாணியில் படம் வரைந்ததே ராயின் வாழ்க்கையைத் திருப்பியது. இக்கதை திரைப்படமாகும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குள் விழுந்தது. அந்தப் படங்களிலிருந்த பல காட்சிகள் 1955இல் வெளியான திரைப்படத்திலும் இடம்பெற்றன. படத்தின் பெரும்பகுதியை விளம்பர வேலையில் இருந்துகொண்டே எடுத்தார். 1956இல்தான் அந்த வேலையை விட்டார்.

எழுத்தும் திரையும்

தம் படங்களின் சுவரொட்டி, தலைப்பெழுத்து, காட்சிகளுக்கான ஓவியம், உடைக்குறிப்பு ஆகியவற்றை ராய் தாமே வரைந்தார். 1961இல் ‘சந்தேஷ்’ இதழுக்கு மறுபடி உயிரூட்டி, அதற்கும் படம் வரைந்தார். ரே ரோமன், ரே பிசார், டாஃப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட் என்பன அவர் உருவாக்கிய ரோமன் எழுத்துருக்கள். முதல் இரண்டும் 1971இல் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றன.

படைப்பூக்கம்

ராயை இயக்கிய விசையைக் காட்ட ‘ஏக்ஷண்’ இலக்கிய இதழின் அட்டைகள் போதும். வங்க எழுத்தில் அப்பெயர் மூன்றே எழுத்து. அந்த மூன்றையே அவர் ஆண்டுக்கணக்கில், இதழுக்கு இதழ் புது உருவில் வரைந்தார். உலகம் அவரைத் திரையில் கொண்டாடிய அதே ஆண்டுகளில்தான் இந்த எழுத்துகளும் பிறந்தன.