தமிழுக்குத் தாமதமாக வந்த இராமாயண அனிமே

"ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா", இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் இணைந்து உருவாக்கிய அனிமே திரைப்படம். இந்திய அனிமே ரசிகர்கள் இன்றும் பேசும் படைப்புகளுள் இதுவும் ஒன்று.

தோற்றம்

1983இல், தொல்லியல் அறிஞர் பி. பி. லாலின் அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக யூகோ சாக்கோ இந்தியா வந்தார். அப்போது இராமாயணத்தை அறிந்து, அதை அனிமேயாக்க விரும்பினார். வெளிநாட்டவர் தம் விருப்பப்படி இக்காவியத்தைப் படமாக்கக்கூடாது என எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்கு இசையவில்லை. எனவே படப்பணிகள் பெரும்பாலும் ஜப்பானிலேயே நடந்தன.

உருவாக்கம்

சாக்கோ, ராம் மோகன், கொய்ச்சி சசாக்கி ஆகிய மூவரும் படத்தை இயக்கினர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். வேட்டி கட்டும் முறை, பெரியோரிடம் ஆசி பெறும் விதம் போன்றவற்றை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுத்தந்தனர். எதிர்ப்பாளர்கள் அஞ்சியதற்கு மாறாக, கதைமாந்தரின் உடையும் அசைவும் இந்த மண்ணுக்குரியனவாகவே அமைந்தன.

வெளியீடும் ரசிகர்களும்

1993 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டது. பாபர் மசூதி இடிப்புக்குப் பிந்தைய பதற்றமான சூழலில், திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. பின்னாளில் தொலைக்காட்சி ஒளிபரப்புகளே இதற்குப் புதிய ரசிகர்களைத் தந்தன. இந்திப் பதிப்பில் இராமனுக்கு அருண் கோவில் குரல் கொடுத்தார்.

தமிழில்

2025 ஜனவரி 24 அன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் இப்படம் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் "டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்" படமும் தமிழில் திரைக்கு வந்தது. ஜப்பானியக் கதைகளே தமிழ் பேசத் தொடங்கிவிட்ட காலத்தில்தான், தமிழர் நன்கறிந்த இராமகதையின் அனிமேயும் தமிழில் பெரிய திரையை எட்டியது. அதைக் காண 2012இல் மறைந்த சாக்கோ இல்லை.