வடக்குக் கரேலியா காட்டிய வழி

1960-களில் இதயநோயால் ஆண்கள் இறப்பதில் பின்லாந்து உலகிலேயே முன்வரிசையில் இருந்தது. அந்நாட்டிலும் மிக மோசமான நிலை கிழக்கெல்லையிலுள்ள வடக்குக் கரேலியாவில்தான். மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் பிழைத்த, உடலுழைப்புக்குக் குறைவில்லாத ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் இறந்தனர். 1971-இல் மக்கள் பிரதிநிதிகள் அரசிடம் மனுக் கொடுத்தனர். மறு ஆண்டே, பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு திட்டம் தொடங்கியது.

முதல் வேலை கணக்கெடுப்பு. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை அளக்கப்பட்டன. ஒப்பிடுவதற்காகப் பக்கத்து மாகாணமான குவோப்பியோவிலும் அதே அளவீடு நடந்தது. குற்றவாளிகளில் பாதி அடுப்படியில் இருந்தன: வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு. வீட்டுச் சமையலை மாற்ற மார்த்தா என்ற மாதர் அமைப்பு முன்வந்தது. பால்பண்ணைத் தொழில் எளிதில் இணங்கவில்லை. அதில் வியப்பும் இல்லை. 1977-க்குப் பின் பணி நாடு முழுவதும் பரவியது. அளவீடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

பின்னாளில் இதுபோன்ற கணக்கெடுப்புக்காக உலக சுகாதார நிறுவனம் வறிய நாடுகளுக்கும் கட்டுப்படியாகும் ‘ஸ்டெப்ஸ்’ முறையை வகுத்தது: முதலில் கேள்வித்தாள், அடுத்து உடல் அளவுகள், வசதியிருந்தால் ரத்தப் பரிசோதனை.