மூங்கில் கூண்டில் கணக்குப் படித்த பிள்ளைகள்



பார்க்குகளில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சதுரச் சதுரமான கம்பிக் கூண்டை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் கதை ஒரு கணித ஆசிரியரின் வீட்டில் தொடங்குகிறது.

சார்ல்ஸ் ஹோவர்ட் ஹிண்டன் என்ற ஆங்கிலேயர் 1880களின் இறுதியில் ஜப்பானில் கற்பித்தார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் தன் பிள்ளைகள் உடம்பாலேயே விளங்க வேண்டும் என்று மூங்கிலால் ஒரு கூண்டு கட்டினார். கம்பு சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று இலக்கங்கள். அவர் இலக்கங்களைச் சொல்ல, பிள்ளைகள் அந்த இடத்துக்கு ஏறிப் போவார்கள்.

மகன் செபஸ்தியனின் மனதில் நின்றது கணக்கல்ல, ஏறிய சந்தோஷம். அவர் வளர்ந்து சிக்காகோவில் காப்புரிமைச் சட்டத்தரணியானார். 1920இல் ஒரு விருந்தில், அருகிலுள்ள விநெட்கா ஊரின் கல்வி அதிகாரி கார்ல்டன் வாஷ்பர்னிடம் இந்தக் கதையைச் சொன்னார். வாஷ்பர்ன் பிடித்துக்கொண்டார். இரும்புக் குழாயால் கூண்டு செய்து பாடசாலை முற்றத்தில் வைத்தார்கள். 1923இல் காப்புரிமை கிடைத்தது. 'ஜங்கிள் ஜிம்' என்று உலகமெங்கும் போனது இதுதான்.

தொங்கும்போது விரல், மணிக்கட்டு, தோள் பலப்படுகின்றன. ஏறும்போது வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கப் பழகுகின்றன. அடுத்த கம்பி எவ்வளவு தூரம் என்று கண் அளக்க, கை அதை நம்பி நீளுகிறது. குதித்து இறங்கும் அதிர்வு எலும்பை உறுதியாக்குகிறது. நம் கிளித்தட்டிலும் இதே வேலைதான்: ஓட்டம், சட்டென்று நிற்பது, திரும்புவது, சமநிலை. அதற்குக் கம்பியும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பு என்றால் நாம் முதலில் வெட்டுவது விளையாட்டு நேரத்தை. பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன். பெண் பிள்ளைகளுக்கு ஒன்பது பத்து வயதிலேயே மைதானம் முடிந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி ஓடியதை பயான்களில் கேட்கிறோம். நம் மகள்மார் ஓட இடம் எங்கே?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடம், பெயின்ட் பற்றிக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகள் தினமும் எத்தனை நிமிடம் ஓடுகிறார்கள்? மண் முற்றமும் அரை மணி நேரமும் இருந்தால் இந்தக் கிழமையே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.