சென்னையில் முதியோர் மருத்துவக் கல்வி

முதியோர் மருத்துவம் இந்தியாவில் தனிப் பாடமாக வேர்விட்ட இடம் சென்னை. விதை இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டனில் 1935 முதல் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், தீராத நோயாளிகள் என்று படுக்கையில் விடப்பட்டிருந்த முதியவர்களைத் தனித்தனியே பரிசோதித்தார். பயிற்சி கொடுத்துப் பலரை நடக்கவைத்து, வீட்டுக்கும் அனுப்பினார். ஒரு புதிய துறைக்கு அதுவே அடித்தளமானது.

அந்நாட்டில் இத்துறையில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வி.எஸ்.நடராஜன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஐ.நா. வியன்னாவில் முதுமை குறித்த முதல் உலக மாநாட்டைக் கூட்டியது. ஆனால் பட்டப்படிப்பு எளிதில் வரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு தொடங்க 1996 ஆகிவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். நடராஜன் தமிழிலும் நிறைய எழுதினார். மருத்துவருக்கு மட்டுமல்ல, முதியவருக்கும் குடும்பத்துக்கும் இந்த அறிவு தேவை என்பதால் அந்த எழுத்துக்குப் பாடத்திட்டத்தின் அளவுக்கு மதிப்புண்டு. 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சென்னை கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. மறதிநோய் பற்றிய 10/66 ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் உருவானது. மறதிநோயாளிகளில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதைச் சுட்டும் பெயர் அது. அதன் இந்தியக் களங்களில் நகரத்துக்குச் சென்னையும் கிராமத்துக்கு வேலூரும் இருந்தன. பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் எழுத்தறிவை எதிர்பார்க்கும் சோதனையை வைத்தால் முடிவு பிழைக்கும். மறுபுறம், "வயசாச்சு, மறக்கத்தான் செய்யும்" என்று வீட்டார் இருந்துவிட்டால் நோய் கணக்கிலேயே வராது. மேலை நாட்டு அளவுகோல் இங்கே நோயைக் குறைத்துக் காட்டியதை இந்த ஆய்வு உலகுக்கு எடுத்துச் சொன்னது. இத்துறைக்குத் தமிழகம் அளித்த பங்கில் மிக முக்கியமானது இதுவே.

தேவையும் கூடிக்கொண்டே போகிறது. 2021 மதிப்பீட்டின்படி தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளம் மட்டுமே இதைவிட முன்னால் நிற்கிறது. 2010இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒரு மண்டல மையமானது.

கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனைக்காக எழுந்த கட்டடம், 2020இல் கொரோனா மருத்துவமனையாக மாறியது. உரிய பணிக்கு அது திரும்பியது 2024 பிப்ரவரியில். இருநூறு படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவமனை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு முதியோருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.